ஆலங்கட்டி மழையில் மூன்றாவது காபி

அன்பு மகன் நோவிட்ஸாவுக்கு, துர்மிதோர் மலைமேலிருந்து பெரியப்பா மிலுடின் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீ சுகமாகவே இருப்பாய்.

உனக்குப் பெண் கேட்க நான் வாய் திறக்கும் முன்பே, உன் மாமியாராக வரவேண்டிய ரோக்சாண்டா எனக்கு வழியனுப்பும் காபியைக் கொடுத்து அவமானப்படுத்திவிட்டார்.

நானும் உன் பெரியம்மாவும் மலையில் இளைப்பாற வந்தவர்கள் போல வந்து தங்கி, நல்ல நேரம் பார்த்துப் பேச்செடுப்பதாகத்தானே ஏற்பாடு? கீழே நம் கோட்டோரில் வெயில் கொளுத்தியதை நம்பித் துணிச்செருப்போடு வந்தேன். இங்கே ஜூலை மாதத்தில் ஆடுகளே நடுங்குகின்றன. மூடுபனியில் முற்றத்துப் பசு வெறும் மணியோசையாக மட்டும் இருந்தது. அந்த அம்மாளோ உருளைக்கிழங்கையும் சோளமாவையும் பானையில் போட்டு, தொடை தடிமன் கட்டையால் கச்சமாக் களி இடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு முன்னால் வெளியே வானம் கொஞ்சம் அடங்கியே முழங்கியது. பாலாடைக்கட்டி உருகி, இழுக்க இழுக்க நீண்டது. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் கயிறு இழுத்தவன் நான், இப்படியொரு கயிற்றைப் பார்த்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா, அண்ணே?"

"போதும்மா."

"போதும்னு சொல்ற வாய் இன்னும் மென்னுகிட்டிருக்கே!"

வந்ததும் ஒரு காபி தந்தார், முறைதான். பேச்சுக்கு ஒன்று, அதுவும் முறைதான். நான் தொண்டையைக் கனைத்து உன் பெயரை எடுக்கப்போன நேரத்தில் மூன்றாவது வந்தது. நம்மில் மூன்றாவது காபி என்றால் 'கிளம்பு' என்று அர்த்தம், உனக்குத் தெரியாததா? ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க? ஆலங்கட்டி விழுது!" என்றாள் உன் பெரியம்மா தாரிங்கா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"காபி வந்துடுச்சு. நீயும் எழுந்திரு."

"எனக்கு இன்னும் சாப்பிட்டு முடியல. நீங்க போங்க."

போனேன். வழி தவறினேன். அப்போது, மகனே, மேகம் நடுவில் கிழிந்தது. மலை முழுதும் எதிரே நின்றது. கீழே ஏரி கன்னங்கரேலென்று கிடக்க, உச்சிப் பனியில் மின்னல் இறங்கி நடந்தது. எதற்குக் கோபித்துக்கொண்டு வந்தேன் என்பதே மறந்து தொப்பியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து மண்டையில் ஓர் ஆலங்கட்டி. மறுபடி மேகம் மூடிக்கொண்டது. எங்கோ கச்சமாக் இடிக்கும் ஓசை கேட்க, அதைப் பிடித்துக்கொண்டே வந்தால், அதே வீட்டு வாசல்!

"என்ன அண்ணே, குளிக்கப் போனீங்களா?" என்றார் ரோக்சாண்டா. மகள் ஸ்டானா சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை நீட்டினாள்.

"மூணாவது காபி குடுத்தீங்களே!"

"உங்க பல்லு தந்தியடிச்சுது, குளிருக்குக் குடுத்தேன். மேகம் இறங்குற நாள்ல இங்க யாரு காபி எண்ணுறாங்க? போகச் சொல்லணும்னா வாயாலயே சொல்லுவேன், எனக்கென்ன பயமா?"

நான் ஏற்கவில்லை. முறை என்றால் முறை. ஒருவரோடும் பேசாமல் அடுப்போரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரோக்சாண்டா எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை நீ ஸ்டானாவின் பெயரை எடுக்கக் கூடாது. உன் அப்பன் வேறு இடம் பார்க்கட்டும்.

நீடூழி வாழ்க.
பெரியப்பா

பி.கு.: உன் பெரியம்மா தோளுக்கு மேலாக இதைப் படித்துச் சிரிக்கிறாள். நான் ஆலங்கட்டியில் நின்றபோதே அவள் பெண் கேட்டு, அவர்களும் சம்மதித்து, அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது பானை இடித்தார்களாம். ஆகவே நீ மோதிரத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். உன் அப்பன் என் தோல் பூட்ஸைக் கொண்டுவரட்டும். ரோக்சாண்டா மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கட்டையைக் கீழே வைக்காமல் இருந்தால் போதும். வருகிற காபிகளை உன் பெரியம்மா எண்ணிக்கொள்ளட்டும். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.