உக்ராஸின் ஆறாவது வருகை

வேலையில் கறாராக இருப்பவனை எல்லாம் அறிவாளி என்று நம்பிவிடாதீர்கள். என்னை நானே அப்படி நம்பிக்கொண்டு பல வருடம் திரிந்தவன் சொல்கிறேன். கறார் வேறு, மூளை வேறு. முதலாவது என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. இரண்டாவது எவ்வளவு இருந்தது என்பது ஒரு ஆயுத பூஜை அன்று, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், முந்நூறு பேர் முன்னிலையில் தெரிந்துபோயிற்று. (அந்த முந்நூறு பேரில் என்னைப் பார்க்க வந்த பெண்ணின் அப்பாவும் ஒருவர். இல்லாவிட்டால் இதை ஏன் எழுதப் போகிறேன்.)

தகட்டை வளைத்துப் பற்றவைத்துப் பெட்டிகளும் காற்றுக் குழாய்களும் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் தரப் பரிசோதகன். கம்பெனி மொழியில் கியூசி. செய்து முடித்ததை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டுவது என் வேலை. சிவப்பைக் கட்டும்போது மனதுக்குள் ஒரு குளிர்ச்சி இருக்கும், மறைப்பானேன். வெல்டர் ஏழுமலை அண்ணன் ஒருமுறை, தண்ணீர் தேங்கிவிடுமே என்று பெட்டிகளின் அடியில் தானாகவே ஒரு சின்னச் சரிவு கொடுத்திருந்தார். நல்ல யோசனைதான். ஒப்புக்கொண்டேனா?

"ட்ராயிங்ல இருக்காணா? இல்லல்ல. அப்றம் நீங்க இன்னாத்துக்கு யோசிக்கறீங்க?" என்று கேட்டு எட்டுப் பெட்டிக்கும் சிவப்புச் சீட்டு கட்டினேன். பதினைந்து வருடம் அனுபவம் உள்ள மனிதர். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு ரசனை வேறு இருந்தது. 'விண்கோட்டை' என்று ஒரு விண்வெளித் தொடர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஞாயிறு காலைகளில் தமிழ் டப்பிங்கில் வந்தது. இப்போது மொத்தமும் செல்போனிலேயே கிடைக்கிறது. அதில் உக்ராஸ் என்று ஒரு வில்லன், கிரகங்களைப் பொடியாக்குவது அவன் தொழில். நூறு பகுதிக்கு மேல் ஓடிய தொடரில் ஐந்தே முறைதான் வருவான். ஒவ்வொரு முறையும் செத்துப்போவான். அடுத்த முறை எப்படிப் பிழைத்து வந்தான் என்று கேட்கிறவன் ரசிகன் இல்லை.

ஐந்தில் எது சிறந்த வருகை என்பதுதான் எங்கள் கம்பெனி பஸ்ஸின் தலையாய பிரச்சினை. வேப்பம்பட்டில் நான் ஏறும்போதே சண்டை சூடாக இருக்கும், பெரியபாளையம் தாண்டினாலும் ஆறாது. வளர்ந்த ஆண்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், பி.எஃப். பிடிக்கப்படுகிறவர்கள். இரண்டாவது வருகை பிடிக்கும் என்றவர்களோடு நான் பேசுவதே இல்லை (அதில் உக்ராஸ் ஒரு பிராணி வளர்ப்பான்). நான்காவதில் இரட்டை வேடம். ஐந்தாவதில் டப்பிங் குரல் மாறிவிட்டதால் சளி பிடித்தவன் மாதிரிப் பேசுவான். என் கட்சி முதல் வருகை. ஏழே நிமிடம். இரும்புக் கவசத் தலையோடு வந்து நிற்பான், ஒரு வார்த்தை பேசமாட்டான், முகம் கடைசிவரை தெரியாது. ஏழுமலை அண்ணன் மூன்றாவது வருகைக் கட்சி. அதில் உக்ராஸ் தன் மகளின் முன்னால் கவசத்தைக் கழற்றிவிட்டு அழுவான். "அழறதுக்கு நாடகம் பாத்துக்கினு ஊட்ல குந்துங்க" என்று நான் அவரைப் பலமுறை மட்டம் தட்டியிருக்கிறேன். அதன்பிறகு பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கும் வரை அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த வருடம் எனக்கு முப்பத்தொன்று. ஆறு வரன் தட்டிப்போயிருந்தது. ஏழாவதாக ஆர்.கே.பேட்டையிலிருந்து பவானி. திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். போட்டோவில் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கல்யாணம் என்று நடந்தால் இவளோடுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் அப்பா முனிரத்தினம் ஆர்.கே.பேட்டையில் டிராக்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். முன்பு வந்த ஒருவன் வேலையைப் பற்றிப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதால் மனிதர் உஷாராகிவிட்டார். என் போட்டோவைக்கூடக் கேட்கவில்லை. "ஊட்ல பாத்தா எல்லாரும் யோக்கியனாத்தான் இருப்பான். வேல செய்ற எடத்துல நேரா மூஞ்சிய பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

குடும்பத்தோடு கம்பெனிக்குள் வரலாம் என்று கதவு திறப்பது ஆயுத பூஜை அன்று மட்டும்தான். அன்றைக்கே வருவதாக ஏற்பாடாயிற்று. "நீல சட்டைய போட்டுக்கினு வாய மூடிக்கினு நில்லு. இதுவும் போச்சுன்னா இனிமே நான் யார் ஊட்டு வாசப்படியும் ஏறமாட்டேன்" என்றாள் அம்மா.

நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் கம்பெனியில் பூஜை முடிந்ததும் பொரி கடலையோடு ஒரு பட்டிமன்றம் உண்டு. வருடா வருடம் கணவனா மனைவியா என்று அரைத்த மாவையே அரைத்துச் சலித்துப்போய், இந்த முறை பஸ் கூட்டமே சேர்ந்து தலைப்பை மாற்றிவிட்டது: உக்ராஸின் சிறந்த வருகை முதலாவதா, மூன்றாவதா? முதலாவதுக்கு நான், மூன்றாவதுக்கு ஏழுமலை அண்ணன். நடுவர் ஸ்டோர்ஸ் மேனேஜர். ("உக்ராஸ்னா யாரு, நம்ம வெண்டரா?" என்று கேட்டவர் அவர்.)

உக்ராஸின் கவசத் தலையோடு மேடை ஏறுவது என்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எதிரில் பவானி இருப்பாள், அசந்துபோவாள் என்று கணக்குப் போட்டேன். என் தலையை நானே டேப் வைத்து அளந்து, நானே டிராயிங் போட்டேன். கழுத்துப் பக்கம் குறுகலாக, பார்க்க மிரட்டலாக. மெல்லிய தகடுதான். எங்கள் கம்பெனியில் அதை ஒட்டுத் தெரியாமல் பற்றவைக்கக் கூடியவர் ஒருவர்தான், அவர் எதிர்க்கட்சி. கூச்சமே இல்லாமல் அவரிடம் போய் நீட்டினேன். மனிதர் டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தயா, காதுக்கு கொஞ்சம் எடம் உடலாமா?"

நான் என்ன சொன்னேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். "ட்ராயிங்ல இருக்காணா?"

"இல்ல."

"அப்றம்?"

"சரி சார்" என்றார். சாராம். அந்த 'சார்' என்றதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெயின்ட் பூஜை அன்று காலையில்தான் காய்ந்தது. வெர்னியரை வைத்து அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. என் கையாலேயே பச்சைச் சீட்டு கட்டினேன். ஒரு போல்ட்டைக்கூடத் திருகிப் பார்க்காமல் விடாதவன், இதை மட்டும் தலையில் மாட்டிக் கழற்றிப் பார்க்கவில்லை. ஏன் என்றால், நான்தானே டிராயிங் போட்டது.

என் முறை வந்ததும் மேடைக்குப் பின்னால் முகத்தில் பவுடரைக் கொட்டிக்கொண்டு தலையை அதற்குள் அழுத்தினேன். காது இரண்டும் மடங்கி வழிவிட்டன, உள்ளே போய்விட்டது. கண்ணுக்கு ஒரு கீறல் அளவு திறப்பு. அதன் வழியே மூன்றாவது வரிசை தெரிந்தது. என் அம்மா, பக்கத்தில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த பவானி, அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு மீசை வைத்த ஒருவர். அம்மா தலையில் கை வைத்திருந்தாள்.

நான் பேசினேன். சும்மா பேசவில்லை, முழங்கினேன். கவசத்துக்குள் என் குரல் எனக்கே கோயில் மணி மாதிரிக் கேட்டதில் மயங்கிவிட்டேன். "மொகத்த காட்றவன் பலவீனன். உண்மையான ஆம்பள மொகத்த மறைச்சித்தான் நிப்பான். யாருக்கும் மொகத்த காட்டணும்னு அவனுக்கு அவசியமே இல்ல." என் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஆர்.கே.பேட்டையிலிருந்து இரண்டு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்த மனிதரை நேராகப் பார்த்துத்தான் இதைச் சொன்னேன்.

ஏழுமலை அண்ணன் இரண்டே நிமிடம் பேசினார். "நானும் பத்து தபா பாத்துட்டேன். கவசத்த போட்டுக்கினு நிக்கறதுக்கு இன்னா தெறம வேணும், பொம்ம கூட நிக்கும். பெத்த பொண்ணு வந்து நிக்கிறா. கழட்டி, இதான்மா நானுன்னு காட்றான் பாரு, அதுக்குத்தான் தில்லு வேணும்." கூட்டம் கைதட்டிற்று. மீசைக்காரரும் தட்டினார்.

நடுவர், "கவசத்தைக் கழற்றிவிட்டுப் பதில் சொல்லுங்கள்" என்றார். இழுத்தேன். வரவில்லை. உள்ளே போகும்போது மடங்கிய காது, வெளியே வரும்போது விரிந்து மாட்டிக்கொண்டது. சிரித்தபடி ஒருவர் வந்து இழுத்தார். சிரிக்காமல் இருவர் இழுத்தார்கள். விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் மொத்தத்தையும் உள்ளே ஊற்றினார்கள். எண்ணெய் மூக்குக்குப் போயிற்று, கவசம் எங்கும் போகவில்லை.

வெட்டி எடுப்பதுதான் வழி. இரும்பு வெட்டுவதே தொழிலான கம்பெனி. ஆனால் அத்தனை கருவியும், கிரைண்டரிலிருந்து கத்திரி வரைக்கும், சந்தனம் குங்குமம் இட்டுச் சாமி முன்னால் இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் எங்கள் தொழிற்சாலையில் ஒரு தகரத்தைக்கூட வெட்ட முடியாது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்து நான் தகரத்துக்குள் போயிருந்தேன்.

"சாமி சாமான எடுக்கறதா? நான் மாட்டேம்பா, எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குது."

"நாளைக்கு காலைல மொத வேல அதான். ராத்திரிக்கு ஸ்ட்ரா போட்டு பால் குடுக்கலாம்."

இந்தக் கடைசி யோசனை நடுவருடையது. அதோடு நில்லாமல் மைக்கில் தீர்ப்பும் சொன்னார். பழைய தலைப்புக்கு எழுதி வைத்திருந்த காகிதத்தையே படித்ததால், கணவனும் மனைவியும் வண்டியின் இரண்டு சக்கரங்கள் என்று தீர்ப்பாயிற்று. எனக்கு வெளியே தெரியாமல் அழுகை வந்தது. கவசத்தால் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அப்போது மீசைக்காரர் எழுந்தார். அவ்வளவுதான், கிளம்புகிறார் என்று நினைத்தேன். நேராகக் கேட்டைத் தாண்டிப் போய், தன் வண்டியிலிருந்து ஒரு பெரிய தகரக் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நம்ம கடைல பூஜ சாய்ந்தரந்தான். இது இன்னும் சாமிகிட்ட போவல" என்றார். "குந்து நைனா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்துப் பக்கம் கத்திரியின் நுனி சில்லென்று பட்டது.

"நைனா, பாத்து. காது இருக்குது" என்று அப்பாவிடம் ஒரு பெண் குரல். ஒரு விரல் தகட்டுக்கும் என் தலைக்கும் நடுவில் நுழைந்து இடது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டது. "நான் புட்ச்சிக்கறேன். நீங்க வெட்டுங்க."

பவானி என்னில் முதலில் தொட்டதும் பார்த்ததும் அந்தக் காதைத்தான். தகரம் ஒவ்வொரு அங்குலமாகப் பிளந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த விரல் எடுக்கப்படாமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது. இரண்டாகத் திறந்தபோது உள்ளே இருந்து வெளிப்பட்டதைச் சொல்ல வேண்டுமே. எண்ணெயும் பவுடரும் குழைந்து அப்பிய முகம், சிவந்த மூக்கு, தக்காளி மாதிரி இரண்டு காது. முனிரத்தினம் கத்திரியைக் கீழே வைத்தார். குனிந்து என்னை நிதானமாகப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ நேரம்?" என்றார்.

முந்நூறு பேரும் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கம்பெனிக்குக் கேட்டிருக்கும். நான் பவானியைப் பார்த்தேன். போட்டோவில் சிரிக்காதவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை அண்ணன் வெட்டிய கவசத்தைப் பொறுக்கி எடுத்து, என் பச்சைச் சீட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்பைக் கட்டினார். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்: 'காது டிராயிங்கில் இல்லை.' நான் எழுந்து போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த எட்டுப் பெட்டிக்கும் சேர்த்துத்தான்.

சம்மதம் என்று மறுநாளே தகவல் வந்தது. காரணத்தைப் பவானி கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். "வேற எவனா இருந்தாலும் அந்த வெல்டர புட்ச்சி கத்தியிருப்பான். நீ மன்னிப்பு கேட்ட." (என்னைப் பற்றி நல்ல விதமாகச் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் என்பதால் அப்படியே எழுதியிருக்கிறேன்.)

இன்றைக்கும் நான் குளியலறையிலிருந்து வந்தாலும், முடிவெட்டிக்கொண்டு வந்தாலும், "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. பஸ்ஸில் விவாதமே ஓய்ந்துவிட்டது. உக்ராஸின் சிறந்த வருகை ஆறாவதுதான், ஆயுத பூஜை அன்று வந்தது, என்று இரண்டு கட்சியும் ஒருமனதாக ஒப்புக்கொண்டுவிட்டன.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆர்.கே.பேட்டைக் கடைக்குப் போவோம். ஸ்பேனரும் சுத்தியலும் ஜாக்கியும் வாழையிலையில் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு இருக்கும். தகரக் கத்திரி மட்டும் பொட்டு இல்லாமல் சுவரில் ஆணியில் தொங்கும். மறந்துவிட்டார் போலும் என்று முதல் வருடம் நானே எடுத்து நீட்டினேன். மாமனார் வாங்கி மறுபடியும் ஆணியிலேயே மாட்டினார்.

"அது அங்கியே இருக்கட்டும் மாப்ள. இன்னிக்கு பூரா நீங்க இங்கதான இருக்கப் போறீங்க" என்றார்.