கரை சுருண்டது சுருண்டதுதான்

ஹயாத் பாஷா தன் கடைக்கு மட்டும் ஒரு டீ சொன்னார்.

பக்கத்துக் கடையில் புடவைக் கரையின் உள்பக்கம் ஃபால்ஸ் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அலமுவின் ஊசி அப்படியே நின்றது. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். டீக்காரர் சந்து முனையில் தலை காட்டியதும் பாஷா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் ஜாக்கெட் தைக்கவும், அவள் ஃபால்ஸ் தைக்கவும் உட்கார்ந்த காலத்திலிருந்து அது இரண்டு விரல்தான். இன்றைக்கு ஒரு விரல்.

"இன்னா பாய், ஒண்ணுதானா?"

"எனக்கு ஒரு வாய்தானேம்மா இருக்குது."

"அப்போ எனக்கு?"

"உனக்கு ஊரே வாங்கித் தரும். ஃபோன்ல பேசற ஆளாச்சே நீ."

அப்போதுதான் அலமுவுக்குப் புரிந்தது, இது வீடியோ சமாச்சாரம் என்று.

கருடசேவைக்குக் கூடும் கூட்டத்தில் பாதிப் பேர் பெருமாளைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் பெருமாள் உடுத்தியிருக்கும் பட்டைப் பார்ப்பார்கள். அலமு இரண்டாவது வகை. போன வைகாசியில் அவள் கூட்டத்தில் நின்றுகொண்டு, எந்தப் பட்டு எப்படி, யார் கட்டியிருப்பது எப்படி என்று முணுமுணுத்ததை மகள் அபிநயா ஃபோனில் பிடித்துப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து 'அலமு பார்வை' என்று இணையத்தில் ஒரு பக்கம் ஓடுகிறது. வெயிலுக்கு எந்த நிறம், மழைக்காலத்தில் எந்தப் பட்டு பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது, ஃபால்ஸ் துணியை ஏன் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வாள். சினிமா விருது விழாவில் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருகிறவர்களைப் பற்றியும் சொல்வாள். அதற்குத்தான் கூட்டம் அதிகம். பேசுவதற்கு முன்னால் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனத்தை வெட்டாமல் போடுங்கள் என்று கேட்கிறவர்கள்கூட உண்டு.

கடைசியாக அவள் பார்வையில் மாட்டியது நடிகை சாரங்கி. மழையில் ஊறிக் கிடந்த கம்பளத்தில், நீலப் பட்டு கட்டிக்கொண்டு நடந்து வந்தாள். அலமு வழக்கம்போல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "புடவையில குறை இல்ல. கீழ பாருங்க. கரை சுருண்டுக்கினு கணுக்காலுக்கு மேல நிக்குது. ஜாக்கெட்டை இறுக்கித் தெச்சு உடம்பைப் புடிச்சா, புடவை மேல ஏறாம இன்னா பண்ணும்?"

பாஷா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்த ஜாக்கெட்டைத் தெச்சது யாருன்னு நெனச்சே?"

அலமு நிமிர்ந்து பார்த்தாள். "நீயா பாய்?"

"மெட்ராஸ்லேர்ந்து வந்து அளவு குடுத்தாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. வீட்ல ஃபரீதாகிட்டகூட நான் சொல்லல. விழா அன்னிக்குதான் டிவி முன்னால உக்கார வெச்சு, பாரு, உன் புருஷன் தெச்சதுன்னேன். அவளும் கண்ணு கலங்கிட்டா. விடிஞ்சா நீ வந்து உடம்பைப் புடிச்சுதுங்கற!"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில், தெரியாம சொல்லிட்டேன் பாய் என்று இறங்கியிருப்பார்கள். அலமு ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நீ தெச்சதுன்னு தெரிஞ்சிருந்தாலும் பாத்ததைத்தான் சொல்லியிருப்பேன். கரை சுருண்டது சுருண்டதுதான்."

"இடுப்போட என் எல்லை முடிஞ்சுதும்மா! கரை அதுக்குக் கீழ இருக்குது!"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலை அவள் மகளைக் கூப்பிட்டாள்.

"மன்னிப்பு கேட்டுடும்மா, பிரச்சினை முடிஞ்சுடும்," என்றாள் அபிநயா.

"எதுக்கு மன்னிப்பு? சுருண்டுதா, சுருளலையா?"

"சுருண்டுதான் இருக்குது."

"அப்புறம் இன்னா? ஃபோனை நேரா புடி."

இந்த முறை இப்படிச் சொன்னாள்: "ஜாக்கெட்டு மேல தப்பில்ல. அது தங்கம். தப்பு நெசவுல. கரைப் பாவு நூலை விறைப்பா ஏத்திட்டு, உடல் பாவு நூலைத் தொய்வா விட்டா கரை இழுத்துக்கினு போகும். தறியில உக்காந்தவன் மனசு தறியில இல்ல."

மறுநாள் டீ இரண்டாக வந்தது. அலமு முதல் வாய் குடிப்பதற்குள் அவள் தம்பி சீனிவாசன் வாயில் பிரஷ்ஷோடு சந்துக்குள் நுழைந்தான். அடுத்த தெருவில் தறி போட்டிருக்கிறவன். நுரையைத் துப்பிவிட்டுத்தான் பேசவே முடிந்தது.

"அக்கா, உனக்கு வேற வேலையே இல்லியா?"

அலமு டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "டேய், நீயா நெய்ஞ்சே அதை?"

"பின்ன யாரு? தறி மேல போர்வையைப் போட்டு மூடி வெச்சிருந்தேனே, தறிக்குக் குளிருதாடான்னு நீ கிண்டல் பண்ணலை? சத்தியம் வாங்கிக்கினாங்க அக்கா! உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தனியா ஒரு சத்தியம்!"

"என் பேரைச் சொல்லியா?"

"உன் பேரைத்தான் சொன்னாங்க. இப்போ தெருவுல அத்தினி பேரும் கேக்கறான், மனசு எங்கடா இருந்துதுன்னு. உன் கூடப் பொறந்த பாவத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சீனிவாசனின் கையில் அலமுவுக்குச் சந்தேகம் கிடையாது. அவன் பேச்சைத்தான் நம்ப மாட்டாள். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் கரை வந்து நின்றது. சுருண்டு, விறைத்து, கணுக்காலுக்கு மேலே. அதை இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. சொந்தத் தம்பி என்பதற்காகக் கண் பொய் சொல்லுமா? சொன்னால் அது யாருடைய கண்?

மூன்றாவது வீடியோவில் நெசவையும் தங்கம் ஆக்கினாள். "தப்பு கட்டிவிட்ட கையில. கொசுவத்தை மடிச்சதும் கீழ இழுத்து நேர் பண்ணணும். அவசரத்துல அள்ளிச் சொருகினா இப்படித்தான்."

பதிவு போன சூடு ஆறுவதற்குள் சந்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. சீனிவாசன் மகள் தீபிகா. கல்யாண வீடுகளுக்குப் போய் மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுகிறவள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் பாய்ந்தாள். ஐப்பசி மழையில் காயாமல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த ஃபால்ஸ் துணிகள் அவள் முகத்தில் ஈரமாக அறைந்தன.

"அத்தை! அள்ளிச் சொருகினேனா நானு?"

"நீயுமாடி?" என்றாள் அலமு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தப் புடவையில நம்ம சந்துக்காரங்களைத் தவிர வேற யாராவது கை வெச்சாங்களா?"

"காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு புடவையைக் குறை சொன்னா வேற யார் மேல போய் விழும்? அந்த விழாவுக்குக் கட்டிவிட ஒருத்தருக்குத்தான் சான்ஸ். எனக்குக் கெடச்சுது. காஸ்ட்யூம் பாக்கற அஜித் அண்ணன் அடுத்த படத்துக்கும் கூப்புடறேன்னாரு. இப்போ ஃபோன் பண்றாரு, மேடம் உங்க ஊர் வீடியோவைப் பாத்துட்டாங்க, புடவையை எடுத்துக்கினு நாளைக்கு வரேன்னு. போச்சு, எல்லாம் போச்சு!"

சத்தம் கேட்டு பாஷா வந்தார். பின்னாலேயே சீனிவாசனும் வந்தான். மூன்று பேரும் ஒரே குரலில் பேசியதில் தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

"ஒரு மன்னிப்பு. ஒரே ஒரு வார்த்தை," என்றார் பாஷா.

"புடவை வரப் போவுதில்ல? வரட்டும்." அலமு எழுந்து நின்றாள். "நான் தப்பாப் பாத்திருந்தா இனிமே வாயைத் திறக்க மாட்டேன். நான் பாத்தது சரியா இருந்து, யார் கையால அது சுருண்டுதுன்னு தெரிஞ்சா, அவங்க கடை போர்டை அவங்களே இறக்கணும். சம்மதமா?"

"போர்டா?" பாஷா தன் கடை வாசலை அண்ணாந்து பார்த்தார். மழையிலும் வெயிலிலும் நிறம் போய், அவர் பெயரில் பாதிதான் மிச்சமிருந்தது. "சரி. இறக்கறேன். என்னுது தப்பா இருந்தாதானே?"

"எனக்கு போர்டு இல்ல. தறியைப் பிரிச்சுப் போடறேன்," என்றான் சீனிவாசன்.

"நான் என் பேஜையே டெலீட் பண்றேன் அத்தை," என்றாள் தீபிகா. "நீ சொன்னா சொன்னதா?"

"சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் மழை விட்டிருந்தது. அஜித் காரைச் சந்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, துணிப்பையோடு நடந்து வந்தான். மெலிந்த உருவம், வரும்போதே பேச வாயைத் திறந்துகொண்டு வந்தான்.

"இங்க அலமு அக்கான்றது..."

"புடவையைக் குடுப்பா," என்றான் சீனிவாசன்.

"இல்ல சார், மேடம் இன்னா சொன்னாங்கன்னா..."

"அதை அப்புறமா சொல்லுங்க அண்ணா," என்று தீபிகா பையைப் பிடுங்கினாள். "ஜாக்கெட் முதல்ல," என்று பாஷா அதற்குள் கைவிட்டார்.

ஜாக்கெட்டை எடுத்து நாலு பக்கமும் டேப் வைத்துக் காட்டினார். குறையில்லை. சீனிவாசன் கரையும் உடலும் சேரும் கோர்வையைக் கட்டை விரலால் நீவிக் காட்டினான். தண்ணீர் மாதிரி ஓடியது. தீபிகா விழா அன்று சாரங்கியின் வீட்டில் கட்டிவிட்டதும் எடுத்த படத்தை ஃபோனில் காட்டினாள். அதில் கரை தரையைத் தொட்டு நேராக நின்றது.

"ஆக, சுருளவே இல்ல! அத்தை கண்ணுதான் சுருண்டுது!"

"குடு இங்க," என்றாள் அலமு.

புடவையை வாங்கி மடியில் போட்டாள். போட்டதும் கை தயங்கியது. மூன்று நாளாக ஊரே நீலம் நீலம் என்று பேசிய புடவை அவள் மடியில் பச்சையாகக் கிடந்தது. நீலப் பாவில் குறுக்கே பச்சை ஊடை நூல். நின்றால் ஒரு நிறம், மடியில் விழுந்தால் ஒரு நிறம். இந்தப் பச்சையை எங்கோ பார்த்திருக்கிறாளே.

காஞ்சிபுரத்துக் கை புடவையைக் கண்டால் முதலில் மறுபக்கம்தான் திருப்பும். திருப்பியது. உள்ளே ஃபால்ஸ் துணி சுருங்கி, கரையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தைத்து முடிந்த மூலையில் ஒரு சின்னச் சிவப்பு நூல் முடிச்சு.

கண் படாமல் இருக்கட்டும் என்று, தைத்த ஒவ்வொரு புடவைக்கும் அலமு போடும் முடிச்சு அது. வேறு யாரும் போடுவதில்லை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு ஜவுளிக் கடையிலிருந்து முகூர்த்தப் புடவைகளோடு இந்தப் பச்சையும் கலந்து வந்த கட்டு. உடனே வேண்டும் என்ற அவசரம். கொடியில் எதுவும் காயாத மழை. புதுத் துணியைப் பிரித்து நனைக்காமலே தைத்துவிட்டாள். ஒரே ஒரு புடவைதானே. கட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. நனைந்த கம்பளத்தில் நடந்து, ஃபால்ஸ் ஈரத்தில் சுருங்கியதும் தெரிந்துவிட்டது.

கட்டை விரல் தானாகவே நகர்ந்து அந்த முடிச்சின் மேல் உட்கார்ந்தது. நன்றாகத்தான் மறைத்தது. எதிரே மூன்று முகங்கள், பக்கத்தில் அபிநயா. அப்படியே மடித்து, என் கண்தான் தப்பு என்று சொல்லிவிட்டால் வீடியோ பக்கம்தான் போகும், போர்டு தப்பிக்கும். அலமு கரையையே வெகுநேரம் பார்த்தாள். சந்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டு அடங்கியது.

விரலை எடுத்தாள்.

"அபி, ஃபோனை எடு."

"எதுக்கும்மா?"

"எடுன்னா எடு. வணக்கம், அலமு பேசறேன். நீலப் புடவை, நீலமே இல்ல. ஜாக்கெட் தங்கம், நெசவு தங்கம், கட்டின கையும் தங்கம். சின்ன காஞ்சிபுரத்துல அலமுன்னு ஒருத்தி இருக்கா. ஊருக்கெல்லாம் ஃபால்ஸை நனைச்சுத் தையின்னு சொல்லிட்டு, தான் நனைக்காம தெச்சிருக்கா. கரை சுருண்டது அவளாலதான். ஆனா ஒண்ணு. சுருண்டுதுன்னு நான் சொன்னேன் இல்ல? சுருண்டுது. என் கண்ணு பொய் சொல்லல."

சீனிவாசன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, விடு. ஏதோ கோவத்துல பேசிக்கினோம்."

"ஸ்டூலை எடு."

"அலமும்மா, வேணாம்மா," என்றார் பாஷா. "உன் போர்டு இல்லாம என் கடை எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது."

"புடிக்கறதுன்னா ஸ்டூலைப் புடி பாய். இல்லாட்டி தள்ளிப் போ."

பாஷா ஸ்டூலைப் பிடித்தார். அலமு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். 'அலமு ஃபால்ஸ் - பீக்கோ' போர்டு ஓர் ஆணியிலிருந்து விடுபட்டுச் சாய்ந்து தொங்கியது. அபிநயா அழுதுகொண்டே படம் பிடித்தாள். தீபிகா ஒரு கையால் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலமு இரண்டாவது ஆணியில் கை வைத்தாள்.

"அக்கா! ஒரு நிமிஷம் என்னைப் பேச விடுங்கக்கா!" என்று அஜித் தொண்டை கிழியக் கத்தினான். "அந்தச் சுருண்ட கரைதான் இந்த சீசன் ஸ்டைலுன்னு எல்லாரும் கேக்கறாங்க, தெச்ச கையைத் தேடித்தான் மேடம் என்னை அனுப்பினாங்க, கார் நெறையப் புடவை இருக்குது, தயவு பண்ணி ஃபால்ஸை மட்டும் நனைச்சுத் தெச்சிடாதீங்க, மழையை நாங்க பாத்துக்கறோம்!"