உங்கள் கம்ப்யூட்டரின் எடை பற்றி

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் அருமைநாதன் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் உங்கள் தங்கை யோகராணியும் சுகம். இதைப் படித்து முடித்த பிறகும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மெட்ரோவில் முக்கால் மணித்தியாலத் தூரத்துக்குக் கடிதமா என்று கேட்பீர்கள். மூன்று தரம் போன் எடுத்தேன். உங்கள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் வந்த உங்கள் கம்ப்யூட்டரைப் போலவே இன்னொன்றை உண்டாக்க நான் ஒரு சின்னப் போர்டு வடிவமைப்பது உங்களுக்குத் தெரியும். அதிலுள்ள எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப்புக்கு எந்த மின்சுற்றை எழுதிக் கொடுத்தாலும் அது அந்தச் சுற்றாகவே மாறிவிடும். முதல் போர்டில் டிவி இணைப்பை இடம் வலம் மாற்றி வரைந்துவிட்டேன். இரண்டாவது, விசிட்டிங் கார்டளவில், அருமையாக வேலை செய்தது. கீபோர்டை ஒத்துப் பார்க்கத்தான் உங்கள் பெட்டியை இரவல் கேட்டேன். காரைக்கூட ஒருவருக்கும் கொடுக்காத நீங்கள் உடனே தந்தீர்கள். அந்தப் பெருந்தன்மைதான் இப்போது என்னைக் கொல்கிறது. திறந்தேன், ஸ்க்ரூட்ரைவர் வழுக்கியது, திரும்பப் பூட்டிச் சுவிட்சைப் போட்டேன், லைட் எரியவில்லை. மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, வரும் சனிக்கிழமை உங்கள் எழுபதாவது பிறந்தநாளில் எல்லார் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டப் போவதாக நீங்கள் சொல்லி வைத்திருப்பதால் நித்திரையும் இல்லை, ஆகவே ஒரு களவு செய்தேன்: உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு என் போர்டை வைத்தேன். படம் வந்தது. ஆனால் பெட்டிக்குப் பாரமே இல்லை. தூக்கினால் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று ஒரு கிலோ மைசூர்ப் பருப்புப் பைக்கற்றை உள்ளே வைத்து ஒட்டினேன். சமையலுக்குப் பருப்புத் தேடி வந்த யோகராணி அதைப் பார்த்து, "என்னப்பா, கம்ப்யூட்டருக்கும் பசிக்குதோ?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதுதான் எழுதுகிறேன்.

மன்னித்துவிடுங்கள், மச்சான். இந்த நாட்டுக்கு வந்து முதல் சம்பளத்தில் நீங்கள் வாங்கிய சாமானைச் சாகடித்தவன் நான்தான்.

பிள்ளையார் உங்களுக்கு நூறு வயதையும் எனக்கு உங்கள் மன்னிப்பையும் தருவாராக.

பணிவுள்ள மச்சான்,
மகேந்திரராசா

பி.கு.: உறையை ஒட்டுமுன் யோகராணிக்கு வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். "அது செத்து முப்பது வருசமப்பா. 'பழுதெண்டு சொன்னால் அவர் தொடமாட்டார், சொல்லாமல் குடுப்பம், பயத்திலை திருத்திப் போடுவார்' எண்டு இரவல் தரேக்கையே அண்ணை எனக்குச் சொன்னவர்" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தை இன்றே அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை பெட்டியோடு வருவேன். எல்லார் முன்னாலும் சுவிட்சை நீங்களேதான் போட வேண்டும். என் போர்டு உள்ளே இருக்குமா, இருக்காதா என்று அதுவரை சொல்லமாட்டேன். நான்கு நாள் நீங்களும் பயந்து பாருங்கள்.