ஆறாம் ஸ்தலத்தில் விழுந்தவள்

பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் எரிந்து விழுந்தது, பூசைக்குப் பிந்திப் போனது, தங்கையின் சுடிதாரைக் கேட்காமல் எடுத்துப் போட்டது எல்லாம் அதில் அடக்கம். ஒரே ஒரு பொய்யை மட்டும் எந்தச் சாமியாரிடமும் தனியாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. ஊர் மொத்தமும் அதை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடியப்பட்டணத்துக்கு அருகே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு மீனை ஏலத்தில் எடுத்து ஐஸ் போட்டு அனுப்பும் வியாபாரம். அந்த வருடம் தை மாதக் கடைசியில் ஒரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குவைத்தில் இருந்தார். ஈஸ்டருக்கு லீவில் வருவார், அதற்குள் அவருடைய அம்மா பெண்ணைப் பார்த்து வைப்பார் என்று ஏற்பாடு. அந்த அம்மா எங்கள் வீட்டுப் பழம்பொரியில் நான்கைத் தின்று முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னை மட்டும் ஓரமாக இழுத்துச் சொன்னார்.

"முகம் நல்ல லெட்சணம் மக்ளே. உடம்பத்தான் கொஞ்சம் கொறைக்கணும். ஈஸ்டருக்கு இன்னும் நாள் கெடக்குல்லா?"

"சரி மாமி" என்றேன். குழம்பில் உப்பைக் குறைக்கச் சொன்னது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், அவ்வளவு சாதாரணமாக ஒப்புக்கொண்டேன். (பி.எட். முதல் வகுப்பில் தேறியவள் நான். அந்த விஷயத்தை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.)

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. அன்று சாயங்காலமே அப்பாவின் ஐஸ் கொட்டகைக்குப் போய் மீன் நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். அப்பா பார்த்துவிட்டார்.

"ஏட்டி, சூரை நிறுக்கதுல நீ எதுக்கு ஏறி நிக்க?"

"சும்மா."

அப்பா எண்ணை எட்டிப் பார்த்து, "நல்ல எடைதான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அவர் தொழிலில் எடை கூடினால் சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது.

கூடப் படித்த தோழி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டாள். நாற்பது நாள் சவால் என்று அதற்குப் பெயர். எங்கிருந்தோ ஒரு 'மேம்' அதை நடத்தினார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை சாப்பாடு. சோறு கூடாது, மரச்சீனிக் கிழங்கு கூடாது. சாப்பிட்டதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு வடை தின்றாலும் குழுவில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் ஐம்பது முறை குந்தி எழும்ப வேண்டும். (பாவசங்கீர்த்தனமும் அபராதமும் வாட்ஸப்பிலேயே நடந்தன. மன்னிப்பு மட்டும் கிடையாது.)

சிக்கல் அம்மாதான். எங்கள் வீட்டில் ஒருத்தி சாப்பிடவில்லை என்றால் அவளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மெலிய வேண்டும் என்று சொன்னால் அம்மா அந்தக் குவைத்து வீட்டுக்கே நேரில் போய்ச் சண்டை பிடிப்பாள். என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. தவக்காலமும் நாற்பது நாள்தான். தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் உண்டு நோன்பிருப்பதற்கு எங்களிடம் பழைய சொல் ஒன்று உண்டு: ஒருசந்தி.

"ஏட்டி, சோறு வைக்கட்டா?"

"வேண்டாம்மா. ஒருசந்தி."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் புத்திசாலித்தனத்தின் உச்சியில் இருப்பதாக நினைத்தேன்.

தவறு நடந்தது முதல் ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தில் ஞாயிறுகளுக்கு ஒருசந்தி கிடையாது. அம்மா நெய்மீன் பொரித்து, புளிமுளக் குழம்பு வைத்து, இலை போட்டுக் கூப்பிட்டாள். மேமுடைய சவாலில் ஞாயிறு என்று ஒன்று இல்லை. வேறு வழி தெரியாமல், "நான் ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கேம்மா" என்றேன்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஞாயித்துக்கெழமையுமா?" என்று மெல்லக் கேட்டாள். மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

நடக்கும் அடிகளின் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காகக் கடற்கரை ஓரமாகச் சுற்றி நடந்து தினமும் காலைப் பூசைக்குப் போனேன். அதுவும் பக்தியின் கணக்கில் சேர்ந்தது. என் அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆள் நிற்க இருந்த ஒரே இடம் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு நேர் எதிரே. அங்கே நின்று ஐம்பது முறை குந்தி எழும்புவேன். ஒருநாள் கதவிடுக்கில் அம்மா நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"செபமாலைக்கு ஐம்பத்து மூணு மணில்லா மக்ளே? மூணு மணிய விட்டுட்டியே" என்றாள்.

மூன்று முறை கூடுதலாகக் குந்தி எழும்பினேன்.

கன்னம் ஒட்ட ஒட்ட, "பிள்ளைக்க முகத்துல ஒரு ஒளி வந்திருக்கு" என்றார்கள். தலை சுற்றி நான் மெதுவாக நடந்தால் அடக்கம் என்றார்கள். பசியில் பேசாமல் இருந்தால் தியானம் என்றார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்தப் பேச்சுகள் எல்லாம் எனக்குத் தேனாக இருந்தன. படித்ததற்கும் பாடியதற்கும் கிடைக்காத மரியாதை, தட்டைத் தள்ளி வைத்ததற்குக் கிடைத்தது. நான் குறையக் குறைய என் மதிப்பு கூடுவதாக நம்பினேன். கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே பார்ப்பதை அப்போதே நிறுத்தியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் எங்கள் ஊர்க் கன்னியர் மடத்திலிருந்து சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல தாட்டியான உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. அம்மா வைத்த இரண்டு ரசவடைகளையும் ருசித்துத் தின்றுவிட்டுக் கேட்டார்.

"மடத்துல சேர உனக்கு தேவ அழைத்தல் உண்டுன்னு அம்மா சொல்லுதாவ. அப்படியா மக்ளே?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எதற்குப் பட்டினி என்று கேட்பார். ஒரு மாமி சொன்னதற்காக என்று எப்படிச் சொல்வது? "யோசிக்கணும் சிஸ்டர்" என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் சிலுவைப் பாதையைத் தெருவில் நடித்துக் காட்டுவார்கள். மொத்தம் பதினான்கு ஸ்தலங்கள். மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் இயேசு விழுவார். ஆறாம் ஸ்தலத்தில் வெரோனிக்கா என்ற பெண் அவர் முகத்தைத் துணியால் துடைப்பாள். அந்த வருடம் இவ்வளவு புண்ணியவதி ஊரில் இருக்கும்போது வெரோனிக்காவுக்கு வேறு ஆள் தேடுவார்களா? இயேசுவாக நடித்தது எங்கள் தெரு ஆட்டோக்காரர் சேவியர்.

ஈஸ்டர் வரை மேம் நீட்டிவிட்ட சவாலின் கடைசி நாட்கள் அவை. வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தான் என்று மேம் உத்தரவு. நான் புதன்கிழமை நான்கு வெள்ளரித் துண்டு தின்றதோடு சரி. தலையில் முக்காடு, கையில் வெள்ளைத் துணி, உச்சியில் பங்குனி வெயில். கூட்டத்திலிருந்து பிரிந்து சேவியரை நோக்கி நடந்தேன். சரியாக அந்த நேரத்தில் கோயிலுக்குப் பின்னாலிருந்து காற்று வீசியது. பெரிய வெள்ளிக் கஞ்சிக்காகச் சிறுபயறைத் தேங்காய் போட்டுத் தாளிக்கும் மணம்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான். வெரோனிக்கா நேராக இயேசுவின் மேல் சாய்ந்தாள். இயேசு சிலுவையோடு விழுந்தார். மூன்று முறை விழ வேண்டியவர் எங்கள் ஊரில் அந்த வருடம் நான்கு முறை விழுந்தார்.

"ஏட்டி, நான் ஏழாம் ஸ்தலத்துலல்லா விழணும்!" என்று சிலுவைக்கு அடியிலிருந்து சேவியர் முனகினாராம்.

பரவசம் என்றார் ஒருவர். காட்சி கிடைத்திருக்கிறது என்றார் இன்னொருவர். எல்லோரும் முழங்காலில் நின்று இந்தப் பிள்ளைக்காக மௌனமாகச் செபிக்கும்படி சாமியார் மைக்கில் சொன்னார். அத்தனை பெரிய கூட்டம் தெருவில் மண்டியிட்டது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கண் விழித்தபோது என் தலை சிஸ்டரின் மடியில் இருந்தது. அம்மா பக்கத்தில் வெளிறிப்போய் நின்றாள்.

சிஸ்டர் குனிந்து, "கடைசியா எப்பம் தின்ன?" என்றார்.

"புதன்கிழமை."

"இவ்வளவு பட்டினி எதுக்கு மக்ளே? உண்மையச் சொல்லு. மடத்துக்கா, மாப்பிள்ளைக்கா?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது அடைத்திருந்தது. ஊரே மௌனமாக இருப்பது தெரியாமல், அழுதுகொண்டே உரக்கச் சொன்னேன்:

"மாப்பிள்ளைக்கு சிஸ்டர்! தடியா இருந்தா அந்த மாமிக்குப் பிடிக்காதாம்!"

முதலில் சிரித்தது இயேசுதான். பிறகு தெரு முழுக்கச் சிரித்தது. பெரிய வெள்ளியன்று சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமியார் அவசரமாக ஏழாம் ஸ்தலத்தை ஆரம்பித்தார்.

என்னைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அம்மா பிலா இலையைக் கரண்டி போலக் கோட்டி கஞ்சியும் பயறுமாக ஊட்டினாள். மூன்றாவது சட்டி முடியும்வரை விடவில்லை. பிறகு, "நேத்தே அவியளுக்குப் போன் போட்டு, பிள்ள மடத்துக்குப் போறா, இந்தச் சம்மந்தம் வேண்டாம்னு சொல்லிட்டேனே" என்றாள்.

"என்ன சொன்னாவ?"

"எங்களுக்காகவும் வேண்டிக்கிடச் சொல்லுங்கன்னாவ."

நாற்பது நாள் பட்டினி கிடந்தது எந்த மாப்பிள்ளைக்காகவோ, அந்தப் பட்டினியாலேயே அவன் போய்விட்டான். எனக்குப் பயறு புரையேறியது. அம்மா தலையில் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"பொறக்கும்பம் நீ ஒண்ணேமுக்கால் கிலோ. பஞ்சுல பொதிஞ்சுதான் தந்தாவ. அதுக்குப் பெறவு ஒவ்வொரு கிலோவும் நான் ஏத்துனது. எறக்கணும்னா எங்கிட்டல்லா ஒரு வார்த்த கேட்டிருக்கணும்?"

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு நான் அழுதது போல அதற்குப் பிறகு எந்தப் பெரிய வெள்ளியிலும் அழுததில்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பந்தியில் நான் இரண்டாம் முறை பாயசம் வாங்கியபோது, எதிர் வரிசையில் இருந்த சிஸ்டர் சத்தமாகக் கேட்டார்: "மக்ளே, இது மடத்துக்கா, மாப்பிள்ளைக்கா?" அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதை வேண்டாம் என்றாலும் இந்தக் கேள்விதான். சர்க்கரை வியாதிக்காக அப்பா லட்டை மறுத்தாலும் விடுவதில்லை.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பாவசங்கீர்த்தனத்தில் போய் முடியும். இன்றும் துணிக்கடைக் கண்ணாடி முன்னால் நின்றால் வயிறு தானாக உள்ளே போகிறது.

போன மாதம் காலை பலகாரத்துக்குப் புட்டு. எட்டு வயதான என் மகள் பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்குத் திக்கென்றது. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை வழக்கம்போலக் கேட்டுவிட்டாள்:

"மக்ளே, மடத்துக்கா, மாப்பிள்ளைக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கதை தெரியாத பிள்ளை எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

"ரெண்டுக்கும் இல்ல சித்தி. வயிறு நெறஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனது.

இப்படி ஒரு பதில் இருப்பது எனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவே இல்லை. மிச்சப் புட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் நிறையவில்லை.