மாசிப் பௌர்ணமியும் மூன்றாவது தீவும்

ஒரு மனிதனின் புத்தியைக் கெடுக்க வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த நாலு வண்ணப் படங்கள் போதும். எனக்கு ஒரே தாளிலேயே நாலும் கிடைத்துவிட்டன. கப்பலில் வேலை பார்த்த நண்பன் ஒருவன், மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து அதைக் கொண்டு வந்தான். சாக்லேட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், அதை வழியிலேயே தின்றுவிட்டு இந்தத் தாளை நீட்டினான்.

உங்களுக்கென்று தனிப் படகு, ஒரே நாளில் தீவு தீவாகப் பயணம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வெள்ளைப் படகு, கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், மணலில் மூக்கை வைத்து நிற்கும் படகிலிருந்து ஏணி வழியாக இறங்கும் ஒரு வெள்ளைக்காரி. கீழே மணிவாரியாக நிகழ்ச்சி நிரல். வரவேற்பு பானம் இத்தனை மணிக்கு, நீச்சல் இத்தனை மணிக்கு, பகலுணவு இத்தனை மணிக்கு. அதை நான் மனப்பாடம் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஊர் யாங்கோனாகிப் பல வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அது ரங்கூன்தான். பசுந்தாங்கில் கால்வாய்க்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். சைக்கிள் உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. கால்வாயோரம் பிறந்தவன் என்பதால் ஆற்றைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. (தெரிந்ததெல்லாம் சாயங்காலம் பாலத்தில் நின்று கடலை கொறிப்பது.)

என் அக்கா விசாலத்துக்கு அப்போது இருபத்தெட்டு. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள். பல்லைப் பிடுங்கும்போது பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது அவள் வேலைகளில் ஒன்று. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று வைத்தியரே சொல்வார். அவளைப் பார்க்க அதற்குமுன் நாலு வரன்கள் வந்தன, கேசரி சாப்பிட்டன, போய்விட்டன. ஐந்தாவதாக வந்தது பினாங்கு வரன்.

மாப்பிள்ளை பெயர் சந்திரன். பினாங்கில் மின்சாமான் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவருடைய அம்மா கணவரை இழந்தவர், கம்பீரமானவர், கஞ்சி போட்ட புடவை கலையாமல் உட்காரத் தெரிந்தவர். பத்து நாள் இருக்கிற மாதிரி இருவரும் வந்து உறவினர் வீட்டில் தங்கினார்கள். பெண் பார்த்த அன்று எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அந்த அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்.

"இங்க சுத்திப் பாக்க என்ன இருக்கு? எங்க பக்கம்னா ஒரு போட்டு எடுத்துக்கிட்டா ஒரே நாள்ல நாலு தீவு பாத்துட்டு வந்துரலாம்."

அவர் எங்களைக் குத்திக்காட்டவில்லை. இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு என் நாட்டையே இளக்காரமாகப் பேசிவிட்ட மாதிரி சுருக்கென்றது.

"இங்கயும் இருக்கும்மா. நாங்களே அடிக்கடி போவோம்," என்றேன். (போனதே இல்லை.) அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், வாயை மூடு என்பது. நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணை என்று எதைக் காட்டினாலும் நம்புவார். நான் நகல் எடுத்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் அவருக்குத் திருப்தி. அவர்களைப் படகில் அழைத்துப்போக நாள் குறிக்கக் கோயில் குருக்களிடம் போனார். மாசிப் பௌர்ணமி, அன்றைக்கு நீராடுவதே புண்ணியம், தொட்ட காரியம் முழுசாக நிறைவேறும் என்று சொல்லி அனுப்பினார் குருக்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். ஆற்றைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

படகுக்காரர் ஊ தௌங், ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்கிற ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற பர்மியப் பெரியவர். மோட்டார் வைத்த நீளமான மரப்படகு அவருடையது. அதில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாளைச் சொன்னதும் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பர்மிய மொழியில் பேசிக்கொண்டோம்.

"அன்னிக்கு லப்யே ஆச்சே, தம்பி. பௌர்ணமி."

"ஆமா. நல்ல நாள்."

"நல்ல நாள்தான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணிக்கும் லப்யே தெரியும்," என்றார்.

ஏதோ பழமொழி சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். பர்மியர்களிடம் 'ஆனாதே' என்று ஒன்று உண்டு. எதிராளி மனம் நோகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிற சங்கோஜம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒரு பெரியவர் இரண்டு தடவை விழுங்கினால் விஷயம் பெரிது என்று தெரிந்திருக்க வேண்டாமா? பௌர்ணமியன்று கடலோடு சேர்ந்து ஆறு எவ்வளவு உயர ஏறுமோ அவ்வளவு ஆழத்துக்கு வற்றும். ரங்கூன் ஆற்றில் நண்டு பிடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும்.

விடிந்ததும் கிளம்பினோம். அந்த அம்மா, சந்திரன், அப்பா, அக்கா, நான், ஊ தௌங். எங்கள் அம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். புளிசாதத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். குடும்பத்தில் புத்தியுள்ள ஒரே ஆள்.

படகு நகர்ந்ததும் வரவேற்பு பானம். நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதே! அந்த அம்மாவுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். "போதும் தம்பி," என்றார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று இரண்டாவதைக் கொடுத்தேன். பிறகு ரோஸ் சர்பத், பிறகு பிளாஸ்கிலிருந்து டீ, பிறகு இன்னொரு இளநீர். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எங்களுக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் அதை யாராவது சொல்வார்களா?

முதல் தீவு, க்யௌக்தன் ஊரில் ஆற்று நடுவே இருக்கும் கோயில். அங்கே எல்லாம் சரியாக நடந்ததை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். அன்றைய நாளில் நல்லது அது ஒன்றுதான். கெளுத்தி மீன்களுக்குப் பொரி போட்டபடி அக்காவும் சந்திரனும் பத்து நிமிஷம் பேசினார்கள். திரும்பிப் படகில் ஏறும்போது என் காதில் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தா கடல் தெரியுமாம்டா." இருபத்தெட்டு வயதில் அக்கா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது தீவில் ஆற்றுத் தென்னைக் கூட்டமும் கொசுவும்தான் இருந்தன, இறங்கவில்லை. வற்றுகிற ஆற்றை எதிர்த்து மேலே ஏறவே நேரம் பிடித்தது. மூன்றாவது தீவு என்று நான் வைத்திருந்தது, தன்லியின் பாலம் தூரத்தில் தெரிகிற இடத்தில் ஆற்று நடுவே தலைகாட்டிய மணல்திட்டு.

"அது தீவு இல்லை, தம்பி. நாள்ல பாதி நேரம்தான் இருக்கும்," என்றார் ஊ தௌங். "படகை இங்கயே ஆழத்துல நிறுத்திக்கலாமா?"

மூன்றாவது தடவை. இவ்வளவு வெளிப்படையாக ஒரு பர்மியர் பேசுவது, நம்மவர் சட்டையைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம். நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, மணலில் மூக்கை வைத்து நிற்கும் வெள்ளைப் படகைக் காட்டினேன். பினாங்கு அம்மாவின் புடவை நனையக் கூடாது, மணலோடு ஒட்டி விடுங்கள் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒட்டி விட்டார்.

புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் நாற்காலி அவரோடு சேர்ந்து வழுக்கிப் போய் ஓரத்தில் முட்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. சற்று முன்பு படகு மிதந்த இடத்தில் சேறு பளபளத்தது. ஆறு முப்பது அடி தள்ளிப் போய், இன்னும் போய்க்கொண்டிருந்தது. மணல் என்று நான் நினைத்ததும் மேலே ஒரு விரற்கடைதான், கீழே தொடை வரை சேறு.

"தண்ணி எப்ப வரும்?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டரைக்கு," என்றார் ஊ தௌங். அப்போது மணி பதினொன்று. தாமதத்தைக் கேட்டதும் பழக்க தோஷத்தில் அப்பா கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஊ தௌங் ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மேலே கட்டிய வெள்ளைத் துணி, படகு சாய்ந்ததில் நிழலை எல்லாம் சேற்றுக்குக் கொடுத்தது. நாங்கள் வெயிலில் காய்ந்தோம். பன்னிரண்டு மணி வாக்கில் அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். பிறகு உதட்டைக் கடித்தார். நான் கரிசனத்தோடு, "டீ குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் விவரிக்க முடியாது.

அரை மணி கழித்து அவர் குனிந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்கா உடனே எழுந்தாள். செருப்பைக் கழற்றினாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆம்பளைங்க எல்லாரும் அந்தப் பாலத்தைப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க," என்றாள்.

பார்த்தோம். நான்கு ஆண்கள் தன்லியின் பாலத்தை அவ்வளவு கவனமாக அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் பலகை போடும் சத்தம், சேற்றில் கால் இறங்கும் சத்தம். மரமோ புதரோ இல்லாத வெட்டவெளியில், அக்கா படகில் கிடந்த இரண்டு லுங்கிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போனது. அதிலிருந்து விசில் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு சிறு அலறல், தொப்பென்று ஒரு சத்தம். அந்த அம்மா பலகையிலிருந்து சேற்றில் விழுந்துவிட்டார்.

"யாரும் திரும்பாதீங்க," என்றாள் அக்கா மறுபடியும். அவளே இழுத்துத் தூக்கினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அவளே கழுவிவிட்டாள். மாற்றுத் துணியாக அவள் கொண்டு வந்திருந்த தமெய்னை, பர்மியப் பெண்கள் கட்டும் அந்தப் பூப்போட்ட லுங்கியை, கட்டிவிட்டாள். "பரவாயில்லம்மா, ஒண்ணுமில்ல, யாரும் பாக்கல," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. பல் பிடுங்கும்போது சொல்கிற அதே குரல்.

இரண்டரைக்கு ஆறு வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மா அக்காவின் கையை விடவில்லை. அப்பா என்னிடம் ரகசியமாக, "முடிஞ்சிருச்சுடா. அந்தம்மாவுக்குப் புடிச்சுப்போச்சு," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு மூடத்தனத்தால் ஒரு கல்யாணத்தையே நடத்தி வைத்தவன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்துக் கல்யாணத் தரகர் கடிதத்தோடு வந்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். பொருந்திய பிறகுதானே விமானம் ஏறினார்கள் என்று அப்பா கேட்டார். தரகர் நெளிந்தார். அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு உண்மையைச் சொன்னார். அந்த அம்மா அவரிடம் அழுதாராம். "அந்தப் பொண்ணு தங்கம். ஆனா மாமியாரா அவ முன்னாடி நான் எப்படி நிமிந்து நிப்பேன்? அவ மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தச் சேறுதானே தெரியும்?" என்றாராம்.

அன்று அக்கா சிடுசிடுத்திருந்தாலோ, திரும்பி உட்கார்ந்திருந்தாலோ அவளைக் கட்டியிருப்பார்கள். உதவி செய்ததை மன்னிக்க முடியவில்லை. அந்த அம்மாவை வெகுகாலம் திட்டினேன். திட்டும்போதெல்லாம் இளநீரை வெட்டியது யார் என்ற கேள்வி வந்துவிடும், அதோடு நிறுத்திக்கொள்வேன். அப்பா மட்டும் சாகும்வரை, "நாள் என்னவோ நல்ல நாள்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது வரன் வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, மூன்று பிள்ளைகள். அக்கா எங்களோடு இருக்கிறாள். பிள்ளைகளை வளர்த்ததே அவள்தான். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடினால், "விசாலம், அந்தத் தீவுக் கதையைச் சொல்லு," என்பார்கள். அவள் சொன்னால் சிரித்தே வயிறு வலிக்கும். அப்பா நாற்காலியோடு வழுக்குவதை நடித்தே காட்டுவாள். அந்த அம்மா விழுந்ததை மட்டும் சொல்ல மாட்டாள். ஊர் சிரிப்பது என்னை நினைத்துத்தான். அதனால் எங்கள் இருவருக்கும் நடுவே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன்.

போன தீபாவளிக்கு என் மகள், மீதிக் கதையைத் தன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "அத்தை, நீங்க அப்பாவை மன்னிச்சிட்டீங்களா?"

அக்கா முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். "அவன் எங்க கேட்டான்?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எண்ணிப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் என்னை நானே நூறு விதமாகக் கேலி செய்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் அதுவே வேடிக்கையாகிவிட்டது. நான் தொண்டையைச் செருமினால் போதும், "அப்பா கேக்கப் போறாரு" என்கிறார்கள் பிள்ளைகள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வந்து நிற்கிறாள். நான் டீ கேட்கிறேன்.