அலசல்காரரும் அசையாத படகும்

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், 'வாங்கப்போகிறவர்' என்ற பட்டத்தோடு வாழ்நாளைக் கழிக்கிற மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு அலசல்காரர் என்று பெயர். உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் நுழைந்ததும் கடைக்காரர் சட்டென்று குனிந்து, விழாத சாமானைத் தரையில் தேட ஆரம்பித்தால், அவர்தான் இவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

நம் அலசல்காரருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பார். வந்தவர் கொஞ்சம் தயங்கினால் போதும். "பட்டுனு சொல்லுங்க, ரொம்ப யோசிச்சா கண்ணு குழம்பிடும்" என்று அதட்டுவார். அடுத்தவர் கண் விஷயத்தில் அவ்வளவு வேகம். சொந்தப் படகு விஷயத்தில்?

அந்தப் படகு பாதி அவருடையது, பாதி மைத்துனருடையது. மைத்துனர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷம் முழுக்கக் கடலிலேயே இருந்தும் வெங்காயத்தைத் தவிர வேறெதையும் கண்குளிரப் பார்க்காதவர். லீவில் வரும்போது அக்காவோடும் மாமாவோடும் கரையோரமாக ஒரு நாள் நிம்மதியாகத் தூண்டில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தான் படகு வாங்கினார்கள். பின்னால் பெரிய இன்ஜின் இருக்கிறது. ஆனால் அது போடுகிற சத்தத்துக்கு எந்த மீன் பக்கத்தில் நிற்கும்? அதனால் படகின் முன்பக்கம் மாட்ட, சத்தமில்லாமல் மெல்ல நகர்த்துகிற சின்ன மின்சார மோட்டார் ஒன்று வேண்டும். டிரோலிங் மோட்டார் என்பார்கள். "அதை மட்டும் நான் பாத்து வாங்கி வைக்கிறேன்" என்றார் அலசல்காரர். மைத்துனரும் நம்பிக் கப்பலேறினார். அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது படகு கார் ஷெட்டிலேயே இருந்தது. அதற்கடுத்த லீவுக்கு வந்தபோது அதில் பூனை குட்டி போட்டிருந்தது.

அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உப்புத்தண்ணீரில் எது துருப்பிடிக்காது என்று கண்டுபிடிக்க, அடுப்படி ஜன்னலில் வரிசையாகத் தம்ளர் வைத்து, உப்பைக் கரைத்து, ஆணி, ஸ்பூன், மனைவியின் கொண்டை ஊசி என்று அகப்பட்டதையெல்லாம் ஊறப்போட்டவர் அவர். மோட்டாரைக் கையால் திருப்புவது சௌகரியமா, காலால் மிதித்துத் திருப்புவது சௌகரியமா என்று பார்க்க, ஒட்டடைக் கம்பைத் தூண்டிலாகப் பிடித்துக்கொண்டு, தையல் மிஷினை மாலை முழுக்க மிதித்துப் பழகியவர் அவர். மோட்டார் ஓசை மீன் காதில் எப்படி விழும் என்று தெரிந்துகொள்ள, பக்கெட் தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு, பக்கத்திலேயே மனைவியை மிக்ஸி ஓட்டச் சொன்னவரும் அவரேதான். மிக்ஸி நின்றது. தலை வெளியே வந்தது.

"என்ன கேட்டுச்சு?" என்றார் மனைவி.

"மிக்ஸி சத்தம்."

"இதைத் தெரிஞ்சுக்கவா மூக்குல தண்ணி ஏத்திக்கிட்டீங்க?"

"மீனுக்கு மூக்குல ஏறாது. அதையும் கணக்குல எடுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி தலையை முக்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர் பேச்சைக் கேட்டு மோட்டார் வாங்கியவர்கள் ஊரில் ஏராளம். படகுச் சாமான் கடைக்காரர் முதலில் ஒளிந்து பார்த்தார், பிறகு பிழைக்கக் கற்றுக்கொண்டார். குழப்பத்தோடு யார் வந்தாலும் இவர் பக்கம் கையைக் காட்டிவிடுவார். தண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், அலை தூக்கும்போது விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் என்ன ஆகும், பேட்டரி ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று இவர் பொழிந்து தள்ளத் தள்ள, வந்தவர் தப்பித்தால் போதும் என்று கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடுவார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அப்படித்தான் வாங்கினார். வாராவாரம் கூடை நிறைய மீனோடு வருகிறார். நம்மவரோ வெறுங்கையோடு வீடு திரும்பி, "அவசரப்பட்டுட்டாரு, பாவம்" என்று அவருக்காக வருத்தப்படுவார்.

இந்த லீவுக்கும் மைத்துனர் வந்து சேர்ந்தார். வந்த தாகத்தில் அடுப்படி ஜன்னலிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து மடக்கென்று வாயில் ஊற்றிக்கொண்டார். மறுகணம் எல்லாவற்றையும் துப்பிவிட்டு, பல்லிடுக்கிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினார்.

"என்ன மாமா இது?"

"ஐயோ, அதை ஏன் மச்சான் குடிச்சீங்க? இப்பத்தான் லேசா துரு ஏற ஆரம்பிச்சுது. மறுபடி முதல்லேருந்து வரணும்!"

"முதல்லேருந்தா?" மைத்துனர் ஊசியை மேஜைமேல் வைத்தார். "மாமா, நான் கிளம்பறதுக்குள்ள படகு தண்ணியில இறங்கணும். இல்லன்னா பல் டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்கே கொடுத்துடுவேன்."

மனைவியும் சேர்ந்துகொண்டார். "துணியைக்கூட யாரும் இவ்வளவு அலச மாட்டாங்க. ஒரு கட்டத்துல பிழிஞ்சு கொடியில போட்டுடுவாங்க. எனக்கு மீன்கூட வேண்டாங்க. என் தம்பியோட ஒரு நாள் தண்ணி மேல உட்காரணும், அவ்வளவுதான்."

அலசல்காரருக்கு உறைத்தது. படகு போய்விட்டால் மோட்டார் எதற்கு? மோட்டார் வேண்டாமென்றால் அலசல் எதற்கு? அலசலும் இல்லையென்றால் மாலை வேளையில் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? உடனே செருப்பை மாட்டினார். அக்கா ஒரு கையையும் தம்பி ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரண்டு மோட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரணம். இன்னொன்றில் ஒரு பொத்தானை அழுத்தினால், காற்றடித்தாலும் நீரோட்டம் இழுத்தாலும், நங்கூரம் போட்டதுபோலப் படகை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கும். அலசல்காரர் கண்ணை மூடினார், நெற்றியைத் தடவினார். "ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. இன்னும் கொஞ்சம் பாத்துட்டு..."

மனைவி சட்டென்று எதிரே வந்து நின்றார். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா? பட்டுனு சொல்லுங்க, ரொம்ப யோசிச்சா கண்ணு குழம்பிடும்."

"இதுதான்!" என்று தொழில் பழக்கத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது.

எது 'இது' என்று அவருக்கே தெரியாது. மனைவியின் கை இரண்டாவது மோட்டார்மேல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் திரும்புவதற்குள் கடைக்காரர் அதைப் பெட்டியில் போட்டுக் கட்டியே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூனைக்குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுப் படகை இறக்கினார்கள். மோட்டார் ஓடுகிற சத்தமே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அலசல்காரர் மோட்டாரோடு வந்த ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். படகு நின்றது. அப்படி ஒரு நிற்பு.

"பாத்தியா? இம்மி அசையுதா?"

"மீன் அங்க துள்ளுதுங்க."

"இரு, இது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாத்துடலாம்."

"நின்ன இடத்துலயே நிக்கறதுக்கு மோட்டார் எதுக்கு? நீங்களே போதுமே" என்று மனைவி ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். மீன் இருக்கும் இடத்துக்குப் படகு போனது. அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தூண்டிலைப் போட்டார்கள். கிசுகிசுவென்று பழைய கதை பேசிச் சிரித்தார்கள், மீனாக இழுத்துப் போட்டார்கள். "வெங்காயம் இல்லாத கடலை இப்பத்தான்கா பாக்கறேன்" என்றார் மைத்துனர். மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அலசல்காரர் மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தூண்டிலில் இரைக்குப் பதிலாகச் சிவப்பு பிளாஸ்டிக் மீனை மாட்டுவதா, பச்சையை மாட்டுவதா என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கும்வரை அவர் தூண்டில் நனையவே இல்லை.

கடைசியில் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "மச்சான், அடுத்த லீவுக்குள்ள இந்தப் பிளாஸ்டிக் மீனை மட்டும் நான் பாத்து..."

"வேண்டாம்!" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் அலறினார்கள். சுற்றியிருந்த மீனெல்லாம் தலைதெறிக்க ஓடின.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் கடைசியாக ஒரு குடை வாங்க நீங்கள் எத்தனை மழையில் நனைந்தீர்கள்? கூடவந்தவர் கடைவாசலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது ஞாபகம் இருக்கிறதா? 'சேச்சே, நான் அந்த இனம் இல்லை' என்று உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். என்ன அவசரம்? இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டே சொல்லுங்கள்.