சிதம்பரத்தில் பனி நிரந்தரமான கதை

ஒரு ஊருல ஒரு ராஜா இருந்தாராம் என்று தொடங்கத்தான் ஆசை. ராஜாக்களை எல்லாம் எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், ஒரு ஊருல ஒரு இயக்குநர் இருந்தாராம். ஊர் சிதம்பரம். அலுவலகம், அரசு ஊழியர் உற்சாக மேம்பாட்டு அலுவலகம். அவர் பெயர் செந்தமிழ்செல்வன். தமிழில் அவருக்கு இருந்த ஒரே தகராறு ரெண்டு சுழி ன-வோடும் மூணு சுழி ண-வோடும்தான்.

"இருக்கறது ஒரு நாக்கு. அதுக்கு எதுக்குய்யா இத்தனை ன?" என்பார். உத்தரவுகளைப் போனிடம் வாயால் சொல்வார். போன் தன் இஷ்டத்துக்குச் சுழி போட்டுக்கொள்ளும்.

அந்த அலுவலகத்தைப் பெருக்கி, குடிதண்ணீர் பிடித்து வைத்து, கோப்பு தூக்குகிறவள் பாத்திமா மேரி. மகன் தொட்டிலில் கிடந்தபோது தற்காலிகமாகச் சேர்ந்தாள். அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. அவள் இன்னும் தற்காலிகம். பணி நிரந்தரம் ஒன்றுதான் அவள் கேட்டது.

மார்கழியில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குளிர்காலத்தில் ஊழியர்கள் சோம்பிப் போவது அரசின் மேலான கவனத்துக்கு வந்துள்ளதாகவும், குளிர் நாடுகளில் மக்கள் வாசலில் பனி அள்ளியே வாட்டசாட்டமாக இருப்பதாகவும், ஆகவே எல்லா அலுவலகங்களும் தினமும் பனி அள்ளிப் படம் அனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. சிதம்பரத்துக்கு விலக்கு எதுவும் கண்டிருக்கவில்லை.

செந்தமிழ்செல்வன் வளாகத்துப் புல்லைக் குனிந்து பார்த்தார். "பனிதான் இருக்கே."

"அது அள்ள வராது சார், துடைக்கத்தான் வரும்," என்றார் கண்காணிப்பாளர் சடையப்பன். "அதுவும் ஆபீஸ் பத்து மணிக்கு. பனி ஏழரைக்கே கிளம்பிடுது."

"முன் அனுமதி இல்லாமலா?"

சடையப்பன் குறித்துக்கொண்டார். இயக்குநர் மேரியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க அண்ணன் கடலூர் துறைமுகத்துல ஐஸ்தானே ஏத்துறாரு? கொஞ்சம் வரச் சொல்லு. இந்தத் திட்டம் நல்லா நடந்தா உன் நிரந்தர உத்தரவுல நானே கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் அண்ணன் லூர்துநாதன் மினி லாரி நிறைய மீனுக்குப் போடும் நொறுக்கு ஐஸ் கொண்டுவந்தார். புதுச்சத்திரம் தாண்டும்போதே பாதி ரோட்டோடு போயிற்று. மீதியில் நாலைந்து மத்தி மீனும் கிடந்தது.

"மேரி, இத எதுக்கு இவுங்க அள்றாங்க?"

"உடம்புக்கு நல்லதாம்ணே."

"நான் ஆயுசு பூரா அள்றேன். இடுப்பு போயிடுச்சு, இனிமே அள்ளாதங்கறாரு டாக்டரு."

"நீ கூலிக்கு அள்ற. அவுங்க ஆரோக்கியத்துக்கு அள்றாங்க."

ஊழியர்கள் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டு, வேர்த்து ஊற்ற ஊற்றப் பனி அள்ளினார்கள். படம் பரவியது. தெற்கு வீதி ஜிம்மில் பனி அள்ளும் வகுப்பு ஆரம்பமானது. பண்ருட்டியிலிருந்தும் வடலூரிலிருந்தும் ஜோடி ஜோடியாக மண்வெட்டியோடு பஸ் ஏறினார்கள். ஊர்ப் பூனைகள் அத்தனையும் அலுவலக நேரத்தை ஊழியர்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தன.

இயக்குநர் மனம் குளிர்ந்து போனை எடுத்தார். உத்தரவு வந்தது: 'பாத்திமா மேரியின் பனி இன்று முதல் நிரந்தரம் ஆக்கப்படுகிறது.'

மேரி இரண்டு தரம் படித்தாள். "சார், ரெண்டு சுழி போட்டிருக்கு."

"ஒரு சுழிதானம்மா குறையுது."

"அந்த ஒரு சுழியிலதான் சார் என் சம்பளம், பென்ஷன் எல்லாம் இருக்கு."

"கையெழுத்து ஆயிடுச்சே. திருத்தணும்னா மேலிடம் போகணும்."

சடையப்பன் தொண்டையைச் செருமினார். "சார், பனி நிரந்தரம்னா நம்ம ஊரு மலைப் பிரதேசம் ஆயிடுது. நமக்கெல்லாம் குளிர்ப்படி உண்டு."

உத்தரவில் பிழை ஏதும் இல்லை என்று அலுவலகம் ஒருமனதாக முடிவு செய்தது.

மேரி அழவில்லை. "அப்பச் சரி சார். நிரந்தரம்னா அதுக்கும் வருகைப் பதிவேடு வைக்கணும்ல?"

விதி அப்படித்தான் இருந்தது. பனிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். தினமும் காலையில் அண்ணன் லாரி வந்ததும் 'வந்தது' என்று போட்டாள். சாப்பாட்டு வேளைக்குள் சாக்கடைப் பக்கம் ஒழுகிப் போய்விடும். 'காணவில்லை' என்று போட்டாள். நிரந்தர ஊழியர் தினமும் அரை நாளில் நழுவுவது ஏன் என்று மேலிடம் கேட்டது. பனிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. ஐஸின் மேலேயே ஒட்டினார்கள். அதுவும் நனைந்து ஒழுகிப் போயிற்று.

"குறிப்பாணைக்கே மரியாதை இல்லையா?" இயக்குநர் கொதித்துப் போய்ப் போனிடம் கத்தினார்: இந்த அலுவலகத்தின் பனி அனைத்தும் உடனடியாக நீக்கப்படுகிறது.

போன் நடுநிலை தவறாதது. போன தடவை ஒரு சுழியைக் குறைத்ததால் இந்தத் தடவை ஒரு சுழியைக் கூட்டியது. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அன்று சாயங்காலமே ஒப்புதல் வந்துவிட்டது. 'சிக்கன நடவடிக்கை பாராட்டத்தக்கது.'

"சார்," என்றார் சடையப்பன் மெதுவாக, "நம்ம எல்லாருடைய பணியையும் நீக்கிட்டீங்க."

"ஒரு சுழிதானேய்யா. போன் பண்ணிச் சொல்லு."

"சொன்னேன் சார். எந்த ஆபீஸ்னு கேக்குறாங்க. அப்படி ஒரு ஆபீஸே இல்லையாம்."

"பனி?"

"அது போன உத்தரவுல நிரந்தரம் சார். அதை யாரும் தொடல. அள்ளுறதுக்கு மட்டும் தற்காலிகமா ஆள் எடுத்துக்கலாமாம்."

மேரிக்கு நீக்குவதற்கு ஒரு பணியே இல்லாததால் அவளை நீக்க முடியவில்லை. தற்காலிகத்தில் அவள்தான் சீனியர் என்பதால் ஆள் எடுக்கிற பொறுப்பும் அவளிடமே வந்தது. அவள் இயக்குநர் அறைக்குள் போய் ஃபேனைப் போட்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாசலில் எல்லாரும் ஆளுக்கொரு மனுவோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் செந்தமிழ்செல்வன்.

"மேரியம்மா, கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க."

மேரி மனுவைப் புரட்டினாள். "தற்காலிகப் பணி கேக்குறீங்க. ரெண்டு சுழி போட்டிருக்கீங்களே சார்."

"திருத்திடறேன்."

"திருத்தினா செல்லாது. புதுசா எழுதிட்டு நாளைக்கு வாங்க."

"நாளைக்கு நீங்க இருப்பீங்களா?"

"தெரியாது. வந்து பாருங்க."

வரிசை ஒவ்வொருவராகக் கலைந்தது. சடையப்பன் பூனைகளை ஒதுக்கிக்கொண்டு போனார். கடைசியாகச் செந்தமிழ்செல்வன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, வாய்க்குள் பணி, பனி, பணி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே கேட்டைத் தாண்டி நடந்தார்.